திறக்க வேண்டியவர் திறக்கட்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. வெளிநாட்டுக் கிளைகளின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "அன்றாட வாழ்வில் கணினியும் இணையமும்". தந்துவிட்டு, "அக்கா, ஒருத்தரையும் பயப்படுத்தாமல் பேசுங்கோ" என்றும் சொன்னா. ஆகையால் நான் விரிவுரை செய்ய வரவில்லை. இருபது வருடமாய்ப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தவள் என்ற முறையிலும், அயலில் உள்ளவர்களின் போனில் பழுது பார்க்கிறவள் என்ற முறையிலும் எனக்குத் தோன்றும் சில அபிப்பிராயங்களைச் சொல்லப் போகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வருவது ஒன்றுதான். நாங்கள் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கும் கடிதம், படம், பத்திரம் எல்லாவற்றையும், திறக்க வேண்டியவர் நாளைக்குத் திறக்கக் கூடியதாய் இருக்கவேண்டும். திறக்கக் கூடாதவர் இன்றைக்கும் திறக்க முடியாததாய் இருக்கவேண்டும். எந்தப் போன் நல்லது, எந்த நிறுவனத்தின் டேட்டா மலிவு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

புதுக் கருவி என்றால் எங்களில் சிலருக்கு ஒரு கூச்சம். "இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் விளங்கும்" என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றபின், வருடக்கணக்காய் வாழ்ந்து காட்டியவர்கள் நாங்கள். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்த விளக்கில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தோம். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. அந்தக் கருவிகள் எதற்கும் கைநூல் இருக்கவில்லை. எது வேலை செய்கிறது, எது எப்போது கைவிடும் என்று பார்த்துப் பழகினோம். கணினிக்கும் வேண்டியது அந்தப் பழக்கம்தான். கருவி ஒருநாள் கைவிடும் என்று தெரிந்து நடப்பவர், புதுப் போன் வைத்திருப்பவரைவிடக் கெட்டிக்காரர்.

முதலில் எழுத்தைப் பற்றிப் பேசுவோம்.

எங்கள் ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நெடுங்காலம் தமிழ் ரைப் பண்ணியது பாமினி என்ற எழுத்துருவில். இன்றும் பல அச்சகங்களில் அதுதான். பாமினிக்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனையோ மலர்களும் கல்வெட்டுகளும் அச்சேறியே இராது. ஆனால் அதன் உள்வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணினி மனதில் வைத்திருப்பது அம்மாவை அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளைத்தான். அந்த விசைகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். "அக்கா, நீங்கள் அனுப்பினது ஒன்றும் விளங்கேல்லை, இங்கிலிசு எழுத்தாய்க் கிடக்குது" என்று கனடாவில் இருந்து பதில் வருவது இதனால்தான்.

யுனிகோட் என்பது வேறு ஏற்பாடு. உலகத்து எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். தமிழுக்கு 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. "அ" என்ற எழுத்தின் எண் 2949. பருத்தித்துறையில் அடித்தாலும், ஒஸ்லோவில் திறந்தாலும், எழுத்துருவை மாற்றினாலும் அது "அ"தான். இன்று உங்கள் போனில் வட்ஸ்அப்பில் எழுதும் தமிழ் எல்லாம் யுனிகோட்.

உங்களிடம் இருக்கும் கோப்பு எந்த வகை என்று அறிய ஒரு சுலபமான பரீட்சை: ஒரு வரியைப் பிரதியெடுத்து வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டிப் பாருங்கள். தமிழாய் வந்தால் யுனிகோட். ஆங்கிலக் குப்பையாய் வந்தால் பாமினி அல்லது அதன் உறவு. குப்பையாய் வந்தால் எறியாதீர்கள், மாற்றலாம். புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் போன்றவர்கள் பல வருடங்களுக்கு முன்பே எழுத்துருமாற்றிகளைச் செய்து இலவசமாய்த் தந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாமினியை ஒட்டினால் மறுபக்கம் யுனிகோட் வரும். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்தவேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பாமினியில் செய்த மலரின் பிடிஎஃப்பை இணையத்தில் போட்டாலும் தேடலுக்கு அது அகப்படாது. ஒரு பேத்தி தன் அம்மம்மாவின் பெயரைத் தமிழில் தேடினால், மலரின் 43ஆம் பக்கத்தில் அம்மம்மா வலைப்பந்தாட்ட அணித் தலைவியாய் நிற்பது அவளுக்குத் தெரியவராது. பக்கம் இருக்கிறது, ஆனால் அவளுக்கு அது இல்லாததுதான். எனவே எந்த அச்சகத்தில் எந்த மலரைச் செய்தாலும், அச்சுப் புத்தகத்தோடு யுனிகோடில் உள்ள மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வேலை கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள். காசு கொடுத்து முடிந்தபின் கேட்டால் கோப்பு அழிந்துபோயிருக்கும்.

அடுத்தது பிரதி.

யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் என்பார்கள். வேறிடத்தில் பிரதி இருந்த நூலைத் தேடி வாங்கலாம். பிரதி இல்லாத ஏட்டுச் சுவடியை எந்தக் காசாலும் வாங்க முடியாது. அன்று எரித்தவர்கள் மனிதர்கள். ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால், அதை அழிக்கக் கறையானும் போதும், மழையும் போதும், கை தவறி விழுந்த போனும் போதும்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கு முன் 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு ரைப் பண்ணி இணையத்தில் ஏற்றினார். நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் மட்டுமல்ல, பாடசாலை மலர்களும், முப்பத்தோராம் நாளுக்கு வீடுகளில் அச்சடிக்கும் நினைவு மலர்களும்கூட இருக்கின்றன. அந்தியேட்டிக் கல்வெட்டை நாங்கள் வாசித்துவிட்டு அலுமாரியில் போடுகிறோம். அதில்தான் ஒரு குடும்பத்தின் வம்சாவளி, ஊர்ப் பெயர், தொழில் எல்லாம் இருக்கிறது. பின்னால் வரலாறு எழுதுகிறவருக்கு அது பொக்கிஷம்.

வீட்டுக்கு என்ன செய்யலாம்? முக்கியமானது எதுவானாலும் மூன்று பிரதி. இரண்டு வேறு வகையான இடத்தில், உதாரணமாய் ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில். மூன்றில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில். இந்த மூன்றாவது விடயத்தில் எங்களைப் போல வசதி உள்ளவர்கள் குறைவு. நாங்கள் உலகம் முழுவதும் சிதறியது துயரத்தினால். ஆனால் பிரதியைக் காப்பாற்ற அதுவே உதவும். ஒன்று யாழ்ப்பாணத்தில், ஒன்று ரொறன்ரோவில், ஒன்று சிட்னியில் இருந்தால், எந்த ஒரு தீயும் மூன்றையும் தொடாது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. போனில் உள்ள படங்கள் தாமாகவே இணையத்துக்கு ஏறுவதைப் பிரதி என்று நம்பி இருக்காதீர்கள். அது நிழல் மாதிரி. போனில் அழித்தால் பெரும்பாலும் அங்கேயும் அழியும். மற்றது, பென் டிரைவும் சீடியும் கொண்டுசெல்ல நல்லவை, வைத்திருக்க நல்லவை அல்ல. இருபது வருடத்துக்கு முந்திய கலியாண வீட்டுச் சீடியை இன்றைக்கு எந்தக் கணினியில் போடுவீர்கள்? சீடி போடும் இடமே இப்போது பல கணினிகளில் இல்லை. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றவேண்டும். நெல்லு மூட்டையை வெயிலில் பரப்பி எடுத்துவைப்பது போல ஒரு வேலை அது.

இனிப் படங்கள். எல்லோர் வீட்டிலும் பழைய அல்பம் இருக்கிறது. இடப்பெயர்விலும் தூக்கிக்கொண்டு போனது பலர் அந்த அல்பத்தையும் உறுதிகளையும்தான். அந்தப் படங்களைப் போனால் எடுப்பதாய் இருந்தால், காலை நேரம் விறாந்தையில் நிழல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், அதில்தான் திகதியும் கையெழுத்தும் இருக்கும். அனுப்பும்போது வட்ஸ்அப்பில் படமாய் அனுப்பினால் அது சுருக்கி அனுப்பிவிடும். ஆவணம் என்ற பகுதியால் அனுப்பினால் முழு அளவில் போகும்.

படத்தைவிடப் பெரிய வேலை பெயர். கோப்புக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள்: "1974 விஞ்ஞான மன்றம்" என்று. அப்போது எல்லாம் தாமாகவே ஆண்டு வரிசையில் நிற்கும். பிறகு இடமிருந்து வலமாய் யார் யார் என்று எழுதுங்கள். இங்கேதான் பெண்கள் பாடசாலைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்கள் கல்லூரி மாணவன் ஒருவன் பதினாறு வயதில் என்ன பெயரோ எழுபது வயதிலும் அதே பெயர். நாங்கள் அப்படி அல்ல. இடாப்பில் அப்பாவின் பெயர். கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர். வெளிநாட்டுக்குப் போனதும் கடவுச்சீட்டில் எது முன்னால் எது பின்னால் என்று தெரியாத ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல். பாடசாலை இடாப்பில் இருந்த பிள்ளையையும், லண்டனில் ஓய்வுபெற்ற டொக்டரையும், ஒரே ஆள் என்று எந்த இயந்திரமும் கண்டுபிடிக்காது. தெரிந்த நாங்கள் எழுதிவைத்தால்தான் உண்டு. எனவே சங்கப் பதிவிலும் படத்தின் கீழும் இரண்டு பெயரையும் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள், படித்து விலகிய ஆண்டையும் போடுங்கள். எண்பது வயது அக்காமார் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். ஸ்கான் எடுக்கும் இயந்திரம் அடுத்த வருடமும் கடையில் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

பழைய மலர்களை ரைப் பண்ண ஆள் இல்லையே என்று கேட்கிறீர்கள். இப்போது படத்தில் உள்ள தமிழ் எழுத்தை வாசித்துத் தரும் வசதி கூகிளில் இருக்கிறது. நான் பாவிக்கிறேன், பெரிய உதவி. ஆனால் பழைய அச்சில் யானைத் தும்பிக்கை போல வளைந்து நிற்கும் லை, னை, ணை வந்தால் அது தடுமாறும். ஆட்பெயர்களில் கட்டாயம் பிழைவிடும். செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் புதுக் கருவிகளுக்கும் இதே கதைதான். தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லும். அவற்றை ஒரு சுறுசுறுப்பான ஒன்பதாம் வகுப்பு மாணவியாய் நினைத்துக்கொள்ளுங்கள். வேலையைக் கொடுக்கலாம், கொப்பியைத் திருத்தாமல் விடக்கூடாது.

மூன்றாவது விடயம் திறப்பு.

சங்கங்களில் நான் கண்ட ஒரு நடைமுறை: முகநூல் பக்கம், மின்னஞ்சல், படச் சேமிப்பு எல்லாம் ஒரே ஒரு செயலாளரின் போன் இலக்கத்தில் இருக்கும். அவ வெளிநாடு போய் இலக்கத்தை மாற்றினால், அல்லது காலமானால், பத்து வருடத்துப் படங்களும் பூட்டிய வீட்டுக்குள். சங்கத்தின் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். நிர்வாகியாய் மூவராவது இருக்கவேண்டும், அதில் ஒருவர் வேறு நாட்டில். புதுச் செயற்குழு வரும்போது காசுக் கணக்கு ஒப்படைப்பது போலக் கடவுச்சொற்களையும் ஒப்படைத்துக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும்.

வீட்டிலும் அப்படியே. இரண்டு வருடம் பாவிக்காத கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் 2023இல் விதி கொண்டுவந்தது. காலமான அம்மாவின் மின்னஞ்சலில் இருக்கும் படங்களை யாரும் திறக்காமல் விட்டால் அவை போய்விடக்கூடும். நான் பாவிக்காமல் விட்டால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க கூகிளில் இடம் இருக்கிறது. காணி உறுதி எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம் அல்லவா, அதுபோல இதையும் சொல்லிவையுங்கள்.

கடவுச்சொல்லை எழுதிவைக்கக் கூடாது என்பார்கள். எனது அபிப்பிராயம் வேறு. எல்லா இடத்துக்கும் பிறந்த திகதியையே கடவுச்சொல்லாய் வைப்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் நீளமான வேறு வேறு சொல் வைத்து, ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டிவைப்பது மேல். இணையத்துக் கள்ளன் உங்கள் அலுமாரிக்கு வரமாட்டான்.

அவன் வரும் வழி வேறு. "அன்ரி, என்ர கோட் தவறுதலாய் உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்த பிள்ளையின் இலக்கத்தில் இருந்தே செய்தி வரும். அந்த ஆறு இலக்கத்தை அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவன் கையில். பிறகு உங்கள் பெயரில் உங்கள் வகுப்புத் தோழிகளிடம் காசு கேட்பான். ஆறு இலக்கம் யாருக்கும் இல்லை, சொந்தப் பிள்ளைக்கும் இல்லை. வட்ஸ்அப் அமைப்புக்குள் போய் இரண்டு படிச் சரிபார்ப்பு என்பதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். அவசரமாய்க் காசு கேட்டு யார் எழுதினாலும் முதலில் கோல் எடுங்கள். குரலையும் இப்போது போலியாய்ச் செய்கிறார்கள், ஆகையால் வீட்டு நாயின் பெயர் என்ன, எங்கட கிணத்தடியில் நிற்பது என்ன மரம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

பெண்பிள்ளைகளின் பாடசாலை என்பதால் இன்னொன்று. பரீட்சை முடிவு வந்ததும் சந்தோசத்தில் சுட்டிலக்கத்தோடு பெறுபேற்றை முகநூலில் போடாதீர்கள். பிள்ளையின் படம், முழுப்பெயர், வகுப்பு, வீட்டு வீதி நான்கையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். பழைய படத்துக்குப் பெயர் வேண்டும் என்றேன். இன்றைய சிறுமியின் படத்துக்குப் பெயர் பொதுவெளியில் வேண்டாம். முன்னது திறக்க வேண்டியவருக்கு, பின்னது திறக்கக் கூடாதவரிடம் இருந்து.

இறுதியாக, நூற்றாண்டை முன்னிட்டு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பு ஆண்டுக்கும் ஒருவரை நியமிப்போம். அவர் தன் ஆண்டுப் படங்களையும் மலர்களையும் சேர்த்து, பெயர் எழுதி, யுனிகோடில் பதிந்து, மூன்று பிரதி வைக்கட்டும். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று வெளிநாட்டுக் கிளைக்கு, பொதுவில் வைக்கக் கூடியவை நூலகம் இணையத்தளத்துக்கு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் ஆரம்பித்த காலத்தில், அபுதாபியில் இருந்த யாழ்ப்பாணத்தவர் மயூரநாதன் வேலை முடிந்து வந்து இரவில் கட்டுரை கட்டுரையாய் எழுதினார். இன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அங்கே இருக்கின்றன. அவர் ஒருவர் தொடங்கினார். நாங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம்.

இன்று மாலை வீட்டுக்குப் போய் ஒரே ஒரு படத்தை எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், படமெடுத்து வேறு நாட்டில் இருக்கும் ஒரு தோழிக்கு அனுப்புங்கள். "யார் இந்த மூன்றாவது ஆள்?" என்று அவவிடம் கேளுங்கள். பதில் வரும். கூடவே வேறு பல கதைகளும் வரும். அவற்றையும் எழுதிவையுங்கள்.